கொக்கி மாமுவின் இடது கை

காலடிப்பேட்டை,
12 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி ரோசிக்கு,

அண்ணன் பாஸ்கல் எழுதறது. எனக்கு சளி, உங்க அண்ணிக்கு மூட்டு வலி. இத்த வுட்டா வூட்ல கொறை ஒண்ணுமில்ல. உன் ஒடம்பு எப்பிடி கீது? அந்த மலைக் குளிர்ல கம்பளி போத்திக்கிறியா, இல்ல அதையும் தியாகம் பண்ட்டியா?

கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு வாரம் உங்க மடத்துல கடுதாசி கெடயாது. அதனால என் தோஸ்து உபைதுல்லா பூட்டான்னு டிசம்பர்ல நான் எழுதுனத பண்டிகைக்கு அப்புறம்தான் உன் கையில குடுத்திருப்பாங்க. நாஸ்தா துண்ணான், டீ குடிச்சான், கிளாஸ கீய வச்சான். அவ்ளோதான் ரோசி. படுக்கல, கிடக்கல, யாரையும் பேஜாரு பண்ணல. எனக்குத்தான் இன்னும் ஆறல. சாயங்காலம் ஆனா கால் தானா ராயபுரம் பஸ்ஸ தேடுது.

அவன் வரஞ்ச கொக்கி மாமுவப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? 'வடகரை' பத்திரிகையில வாராவாரம் வந்தத கத்தரிச்சு உனக்கு அனுப்பிக்கினு இருந்ததே நான்தான. ஹார்பர்ல மூட்டை தூக்குற ஆளு, மடிச்சுக் கட்டுன லுங்கி, வலது கையில மூட்டைய இழுக்குற கொக்கி, வாய் மட்டும் ஊரு நீளம். வெள்ளச் சட்டையக் காயப்போட்டு, கரித்தூசில கறுப்பா எடுத்து மாட்டிக்கினு, "மலைக்கு மாலை போட்டுக்கீறேன்"னு ஊருக்கே பீலா வுட்டானே, அத்தப் பாத்துட்டு உங்க மதரு ஜெபப் புஸ்தகத்தால மூஞ்ச மூடிக்கினு சிரிச்சாங்கன்னு நீ எழுதியிருந்த. அந்தக் கடுதாசிய உபைகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒரு மாசம் ராயபுரம் பூரா அதையே சொல்லிக்கினு திரிஞ்சான்.

இப்ப அவன் மவன் தௌசீஃப் போன்ல ஒரு சேதி போட்டுக்கீறான். "அத்தாவ நெனச்சு கொக்கி மாமுவ உங்க கையால வரஞ்சு அனுப்புங்க"ன்னு. படம் வந்து குவியுது. அத்தப் பிரிச்சு வைக்க உபை சம்சாரம் ஜெரினா என்னக் கூப்ட்டுச்சு. "அண்ணே, அவுரு இருந்தா உங்க கையிலதான் குடுத்திருப்பாரு"ன்னுது. மாட்டேன்னா சொல்ல முடியும்?

மதருக்கு என் வணக்கம். இந்தக் கடுதாசிய உனக்கு முன்னாடி அவங்கதான் படிப்பாங்க, அதனால நேராவே சொல்ட்டேன்.

உன் அண்ணன்,
பாஸ்கல்

*

கார்மேல் தியான மடம்,
28 ஜனவரி 2025

அன்பு அண்ணனுக்கு,

இயேசுவில் தங்கை எழுதுவது. நான் நலம், கம்பளியும் போர்த்துகிறேன், கிண்டல் வேண்டாம். அண்ணியின் மூட்டுக்கு எங்கள் தோட்டத்து நொச்சி இலை கொஞ்சம் காயவைத்து இதோடு அனுப்புகிறேன். வெந்நீரில் போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உபை அண்ணனுக்காக எல்லாரும் வேண்டிக்கொண்டோம். எங்கள் மடத்தில் பெரும்பாலானவர்களுக்கு ராயபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் கொக்கி மாமு குடியிருக்கும் சந்தில் எத்தனை வீடு, எந்த வீட்டில் சண்டை என்று தெரியும். செய்தியை மதர் சாப்பாட்டு அறையில் வாசித்தபோது மூத்த சகோதரி ஒருவர், "அப்படியானால் மாமு இனி என்ன செய்வார்?" என்று கேட்டார்.

வரும் படங்களைப் பற்றி விவரமாக எழுது. இங்கே எல்லாரும் காத்திருக்கிறார்கள். உன் எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு, எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

செபத்தில் உன்னை மறவாத,
ரோசி

*

காலடிப்பேட்டை,
16 பிப்ரவரி 2025

அன்பு ரோசிக்கு,

பாத்தியா, எழுத்து எவ்ளோ பெருசுன்னு! நொச்சி இலைக்கு அண்ணி உன்ன வாயார வாழ்த்துச்சு. எனக்கு சளி வுட்டுச்சு, ஆனா ராத்திரில இருமல் கீது.

ரோசி, நான் மெர்சலாயிட்டேன். உபைய நம்ம பேட்டை ஆளுங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தேன். சவுதில, தம்மாம்ல கிரேன் ஓட்டுற ஒரு பையன், மாமு நிலாவக் கொக்கி போட்டு இழுத்து நம்ம கடல்ல எறக்குற மாதிரி வரஞ்சிருக்கான். "இன்னா நைனா, கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆச்சா?"ன்னு மாமு கேக்குறாரு. விம்கோ நகர்லேந்து ஒரு மீன் விக்கிற அம்மா, கரித்துண்டால மீன் பெட்டி மேல இருந்த அட்டையில வரஞ்சு குடுத்துச்சு. மூக்குல வச்சா இன்னும் சங்கரா வாசனை. ஒரு லாரி டிரைவரு, "மாமு ரோட்டக் கிராஸ் பண்றதுக்குள்ள தாடி நரைச்சுப் போன படத்த வண்டி கண்ணாடில ஒட்டிக்கீறேன், அந்த ஹார்பர் லாரி கியூவுல நிக்கிற நானும் மனுசன்தான்னு அதுல தெரியும்"னு படத்துக்குக் கீய எழுதியிருந்தாரு. எத்தினி பெரிய ஆளோட தோஸ்தா இருந்திருக்கேன் பாரு, அவன்கிட்ட பீடிக்கு சண்ட போட்டுக்கினு காலத்த ஓட்டிட்டேன்.

ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, மாமு கையப் புடிச்சுக்கினு தானும் நிக்கிற மாதிரி வரஞ்சிருக்கு. அத்த மட்டும் நான் வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன்.

மஜீது பாய் குடோன் சுவரு கீதுல்ல, ராயபுரம் ரயில்வே பாலத்தாண்ட? அதுல மாமுவ ஆள் ஒயரத்துக்கு மேல பெருசா வரையப் போறாங்க. மஜீது பாய் ஒத்துக்கினாரு. சாண்ட்ரான்னு நம்ம கோயில் தெரு பொண்ணு, ஓவியக் கல்லூரியில படிக்குது, அதுதான் வரையும். நல்ல கையி. உபை படத்தப் பாத்துத்தான் வரையக் கத்துக்கினேன்னுது.

இன்னும் எழுத கீது, இடமில்ல. ஒயுங்கா சாப்டு.

அண்ணன்,
பாஸ்கல்

*

கார்மேல் தியான மடம்,
1 மார்ச் 2025

அன்பு அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இருமலுக்கு மருந்து வாங்கினாயா? மருந்து என்றாலே நாளைக்கு என்பாய்.

உன் கடிதத்தை மதர் உரக்க வாசித்தார். கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் என்ற இடத்தில் வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். புதன்கிழமை திருநீற்றுப் புதன். அன்று தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் பாஸ்கா வரை நான் எழுதக் கூடாது, நீ எழுதினாலும் மதரின் மேசையில்தான் இருக்கும். அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுகிறேன்.

இவ்வளவு படங்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். மாமுவின் இடது கையைப் பற்றி ஒரு வரி இல்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லாத அந்தக் கை உன்னுடையது என்று எனக்கு எப்போதோ தெரியும். ஹார்பரில் சரக்குக் கயிறு இழுக்கும் வின்ச் யந்திரத்தில் நீ விரல்களை இழந்த அதே வருடம்தானே மாமு 'வடகரை'யில் முதலில் வந்தார்? நீ அன்றிலிருந்து கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே அலைகிறாய். நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா மட்டும் "பராக்குப் பாத்து கைய வுட்டவன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம் அனுப்பியவர்கள் அந்தக் கையை எப்படி வரைந்திருக்கிறார்கள்? அதைப் பார்க்கையில் உனக்கு எப்படி இருந்தது?

பதிலுக்கு நாற்பது நாள் காத்திருப்பேன்.

தங்கை,
ரோசி

*

காலடிப்பேட்டை,
11 மார்ச் 2025

அன்பு ரோசிக்கு,

நீ இத்தப் படிக்க மாட்டேன்னு தெரியும். எழுதாம இருக்க முடியல. இருமல் மருந்து வாங்கிட்டேன்.

நேத்து சாண்ட்ரா பொண்ணு சுவருக்குப் போட்ட மாதிரிப் படத்தக் காமிச்சுது. அடாடா, அப்பிடியே உபை கோடு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் கீய பாத்தேன். மாமுவோட இடது கையில அஞ்சு வெரலு!

"இன்னாம்மா இது"ன்னேன். "அங்கிள், இவ்ளோ பெரிய சுவத்துல மூணு வெரலு போட்டா நான் தப்பா வரஞ்சுட்டேன்னுதான் சொல்லுவாங்க. வந்த படத்துலயும் பாதிப் பேரு அஞ்சு போட்டுக்கீறாங்க"ன்னுது. அது சொல்றதும் நெசம்தான். பாதிப் பேரு மரியாதையா திருத்தி அனுப்பியிருந்தாங்க, மீதிப் பேரு அப்பிடியே மூணு போட்டிருந்தாங்க. என் வூட்ல கீற அந்தப் படத்துல, ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு மாமுவுக்கும் மூணு போட்டு, தனக்கும் மூணு போட்டுக்கினுச்சு.

அப்பத்தான் தௌசீஃப் ஒண்ணு சொன்னான். "அத்தாவுக்கு எல்லாம் வரும், கை மட்டும் வராது மாமா. அவுரு வுட்ட தப்ப நாமளாவது சரி பண்ணுவோம்."

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! யாருக்குடா கை வராது? ஈ மொய்க்கிற மீனு கண்ணு வரைக்கும் வரையற ஆளுக்குக் கை வராதா? வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். ஏன்னா அந்தக் கை யாருதுன்னு சொல்லணும். சொன்னா துண்டப் பிரிச்சுக் காமிக்கணும். "யாரோட கைன்னு நீ எவன்கிட்டயும் சொல்லக் கூடாது"ன்னு உபைகிட்ட மொத நாளே சத்தியம் வாங்கினவன் நான். அவன் பெத்த புள்ளைகிட்டகூட சொல்லாம பூட்டான். நான் போட்ட பூட்டு, இப்ப அவனுக்கே கெட்ட பேரா வந்து நிக்குது.

ரம்ஜான் முடிஞ்சதும் வரைய ஆரம்பிக்கிறாங்க. இன்னா பண்றது ரோசி? நீ சொல்ல மாட்ட. சொன்னாலும் லேட்டு. ஜெரினா எனக்குன்னு தனியா கறி போடாம நோன்புக் கஞ்சி குடுத்தனுப்புது. நம்ம தவக்காலத்த அது மறக்கல. அத்தக் குடிக்கக்கூட மனசு வரல.

பாஸ்கல்

*

கார்மேல் தியான மடம்,
19 மார்ச் 2025

திரு. பாஸ்கல் அவர்களுக்கு,

ஆசீர். தங்கள் சகோதரிக்கு உடல்நலக் குறை எதுவும் இல்லை. அவருக்குத் தவக்காலத்தில் எழுத அனுமதி கிடையாது. மடத்து அலுவலாக எழுதும் உரிமை எனக்கு உண்டு. இதை அலுவல் என்றே கணக்கில் வைத்திருக்கிறேன்.

என் சொந்தச் சந்தேகம் ஒன்று. கொக்கி மாமு வலது கையில் எப்போதும் கொக்கி வைத்திருக்கிறார். இடது கையால் என்ன செய்கிறார் என்று நீங்கள் பார்த்ததுண்டா? லாரிகளுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார். எண்ணெய் மிதந்த ஆற்றிலிருந்து நாரையைத் தூக்குகிறார். ஓட்டுக் கேட்டு வந்து சாக்கடையில் விழுந்தவரிடம், "ஓட்ட அப்பால பாத்துக்கலாம் தலைவா, மொதல்ல கைய குடு" என்கிறார். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். யாரையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த மூன்று விரல் கைதான் நீள்கிறது. கொக்கி பிடித்த கை ஒருமுறைகூட இல்லை.

கை வரையத் தெரியாத ஒருவர் இத்தனை வருடம் இதைச் செய்திருக்க மாட்டார். அந்த வின்ச் அருகே அன்றைக்கு வேறு யாராவது இருந்தார்களா?

பதில் எழுதுவதும் எழுதாததும் தங்கள் விருப்பம். இருமலுக்குத் தேன் நல்லது.

கிறிஸ்துவில்,
மடத்துத் தலைவி

*

காலடிப்பேட்டை,
27 மார்ச் 2025

மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு,

பாஸ்கல் வணக்கத்தோட எழுதறது. எழுத்து கோணலா கீதுன்னு மன்னிக்கணும். உங்க தயவுல ஒடம்பு தேவல, தேன் வாங்கி வச்சுக்கீறேன்.

உங்க கார்டு வந்ததும் என்கிட்ட கீற மிச்ச சொச்ச படத்தயெல்லாம் கட்டில் மேல பரப்பிப் பாத்தேன். நீங்க சொன்னது நெசம். பூனைய வலையிலேந்து எடுக்குறது, குடிகாரன தண்டவாளத்துலேந்து தூக்குறது, எல்லாம் அந்தக் கைதான். இத்தினி வருசம் பாத்தவனுக்கு இது தெரியல பாருங்க. நான் கையப் பாக்கவே மாட்டேன் மதர், ஜோக்க மட்டும் படிச்சிட்டு மடிச்சு உங்களுக்குப் போட்டுடுவேன்.

ஆமா, உபை இருந்தான். வேல நேரத்துல வின்ச்சு பக்கத்துல குந்திக்கினு எதிர்ல கீற கப்பல வரஞ்சுகினு இருந்தான். அவனுக்கு அது ஒரு கிறுக்கு. வின்ச்சு ஓட ஆரம்பிச்சதும் அவன் வலது கை சட்டை, கயித்துக்கும் இரும்பு உருளைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. நான் கைய வுட்டு இழுத்தேன். அவன் கை வெளிய வந்துச்சு. என் ரெண்டு வெரலு வரல. அதுதான் நடந்தது.

படம் வரஞ்சுகினு இருந்தான்னு தெரிஞ்சா அவன் வேல அன்னிக்கே பூடும். வூட்ல அவன் அம்மா, கல்யாணத்துக்கு நிக்கிற தங்கச்சி. அதனால நான்தான் பராக்குப் பாத்துட்டேன்னு மேஸ்திரிகிட்ட சொல்ட்டேன். அப்புறம் எங்கப்பாகிட்டயும் அதையே சொல்ட்டேன். ஒரு வாட்டி சொன்னா மாத்த முடியாதுல்ல? தெருவுல "மூணு வெரலு"ன்னு கூப்ட்டாங்க. அப்ப சுத்துனதுதான் துண்டு. உபை மொத படத்தக் கொண்ணாந்து காமிச்சப்ப எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. என் வெட்கத்த ஊருக்குக் காமிக்கிறியான்னு சட்டையப் புடிச்சேன். "இல்ல மாமு"ன்னான். மேல ஒண்ணும் சொல்லல. அவன் சொல்லாதத நீங்க சொல்லிட்டீங்க.

ரோசிக்கு இத்தப் பாஸ்காவுக்கு அப்புறம் குடுங்க. தங்கச்சிகிட்ட சொல்லாதத உங்ககிட்ட எப்பிடி சொன்னேன்னு எனக்கே தெரியல.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பாஸ்கல்

*

காலடிப்பேட்டை,
7 ஏப்ரல் 2025

அன்பு ரோசிக்கு,

இதுவும் மதர் மேசையில தூங்கட்டும். ரம்ஜானுக்கு ஜெரினா வூட்லேந்து பிரியாணி வந்துச்சு. தவக்காலம்னு அண்ணி அத்த எதிர் வூட்டுக்குக் குடுத்துட்டு, நாங்க வாசனைய மட்டும் புடிச்சுக்கினோம்.

சனிக்கிழம சுவத்தாண்ட போனேன். மாமு முக்கால்வாசி ஏறிட்டாரு. சாண்ட்ரா சாரத்து மேல நின்னுகினு இடது தோள் வரைக்கும் வந்துருச்சு. கீய தௌசீஃப்பு, ஜெரினா, மஜீது பாய், டீக்கடை ஆளுங்கன்னு ஒரே கூட்டம். வேற ஒரு நாளு வரலாம்னு திரும்பினேன். ரெண்டு கடை தாண்டிட்டேன் ரோசி. அப்ப தௌசீஃப் யாருக்கோ போன்ல சொல்லிக்கினு இருந்தது காதுல வுழுந்துச்சு: "அத்தாவுக்கு அது ஒண்ணுதான் வராது."

திரும்பி நேரா போனேன். சாரத்துல ஏறுனேன். எறங்குங்க மாமா, வுழுந்துடுவீங்கன்னு கீய கத்துறானுங்க. துண்டப் பிரிச்சு தோள்ல போட்டேன். மாமு கை வர்ற எடத்துல, சுவத்து மேல என் கைய வச்சேன். "உங்க அத்தாவுக்குக் கை வரும்டா. இத்தப் பாத்துத்தான் வரஞ்சான்"னேன்.

தௌசீஃப் அண்ணாந்து பாத்துக்கினே நிக்கிறான். அந்த சாண்ட்ரா பொண்ணு என் மணிக்கட்டப் புடிச்சுக்கினு, சாக்பீஸால கையச் சுத்திக் கோடு போட்டுச்சு.

எறங்கி வந்து தௌசீஃப்கிட்ட நடந்தத சொன்னேன். ஜெரினா பக்கத்துல வந்து நின்னுச்சு. "எனக்குத் தெரியும்ணே"ன்னுது. "அவன் சொன்னானா?"ன்னேன். "முழிச்சுக்கினு கீறப்ப ஒரு வார்த்த சொன்னதில்ல. சத்தியம்னா சத்தியம்தான். தூக்கத்துலதான், பாஸ்கலு கைய எடு, பாஸ்கலு கைய எடுன்னு கத்துவாரு. கல்யாணம் ஆன நாள்லேந்து கேட்டுக்கினு கீறேன்."

அப்பத்தான் அழுதேன். நடு ரோட்ல, லாரிக்காரனுங்கல்லாம் பாக்க, ஒப்பாரியே வச்சேன். உபை செத்த அன்னிக்குக்கூட நான் அப்பிடி அழல.

பாஸ்கல்

*

கார்மேல் தியான மடம்,
22 ஏப்ரல் 2025

அன்பு அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடும் அண்ணியோடும் இருப்பாராக. ஞாயிறு பூசை முடிந்ததும் மதர் உன் கடிதங்கள் மூன்றையும் என் கையில் கொடுத்து, "சாப்பிட்டுவிட்டுப் படி" என்றார். நான் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம். மதரிடம் சொல்ல வந்தது என்னிடம் வராதா? அப்பா உன்னைத் திட்டும்போதெல்லாம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேனே, அந்த ஒரு சமயத்திலாவது சொல்லியிருக்கக் கூடாதா? கஸ்மாலம்! (மதர் இந்த வார்த்தையை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை.)

கோபம் இவ்வளவுதான். இனி சொல்வதைக் கேள். ஹார்பரில் எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். ஒருவன் கையைக் கொடுத்தான், வாயைத் திறக்கவில்லை. இன்னொருவன் வாயைத் திறக்க முடியாததால் வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தான். உங்கள் இருவரையும் நினைத்து நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன், மடத்தில் அப்படி நடக்கக் கூடாது.

இதோடு ஒரு கட்டு வரும். தவக்காலத்தில் மதர் காரணம் சொல்லாமல் எல்லாரிடமும் ஒரு தாளைக் கொடுத்து மாமுவை வரையச் சொன்னார். சமையல் சகோதரியின் மாமு தோசைக்கல்லைத் தூக்குகிறார். மூத்த சகோதரியின் மாமுவுக்குக் கால் மூன்று மாதிரி இருக்கிறது, ஆனால் கை சரியாக இருக்கிறது. ஒருவர்கூட அஞ்சு விரல் போடவில்லை. என் படத்தில் மட்டும் மாமு இல்லை, ஒரு துண்டு கொடியில் காய்கிறது. எனக்கு வரைய வராது, துண்டு என்று நீயாகத் தெரிந்துகொள்.

தௌசீஃபிடம் கொடு. ஜெரினா அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

தங்கை,
ரோசி

*

காலடிப்பேட்டை,
4 மே 2025

அன்பு ரோசிக்கு,

அண்ணன் எழுதறது. வெயில் மண்டையப் பொளக்குது, மத்தபடி குஷால்தான். நீ கஸ்மாலம்னு எழுதுனத அண்ணிகிட்ட மூணு வாட்டி படிச்சுக் காமிச்சேன்.

கன்னியாஸ்திரிங்க படம் வந்துச்சுன்னதும் தௌசீஃப், வந்த படமெல்லாம் குடோன் உள்ள மாட்டுறப்ப, அத்தத்தான் மொத வரிசையில மாட்டினான். மூணு கால் மாமுவப் பாக்க ஜனம் வருது. சுவத்தாண்ட தினமும் பசங்க வருதுங்க. ரெண்டு வெரல மடக்கி மாமு கை மேல வச்சு போட்டோ புடிச்சுக்குதுங்க. அந்த ஒண்ணாங்கிளாஸ் பொண்ணும் வந்துச்சு. என் கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நான் கரெக்டாத்தான் வரஞ்சேன்"னு அவங்கம்மாகிட்ட சொல்லுச்சு.

இன்னொண்ணு, உனக்கு மட்டும். மதர், நீங்களும் படிக்கலாம்.

பூசையில சாமியாரு குடுக்குற நன்மைய, அந்த அப்பத்த, கையில வாங்குற பழக்கம் வந்த நாள்லேந்து நான் வலது கைய மேல வச்சு, இடது கைய அதுக்கடியில ஒளிச்சு நீட்டுவேன். எல்லாரும் இடது கைய மேல வப்பாங்க, நான் மட்டும் மாத்தி. வரிசையிலயும் கடைசில போவேன். சாமியாரும் கேட்டதில்ல.

பாஸ்கா ராத்திரி பூசைக்குத் துண்ட வூட்ல வுட்டுட்டுப் போனேன். வரிசையில நடுவுல நின்னேன். இடது கைய மேல வச்சு நீட்டினேன். சாமியாரு ஒரு நிமிசம் கையப் பாத்தாரு, அப்புறம் என்னப் பாத்து சிரிச்சாரு. மூணு வெரல்ல அப்பம் நல்லாத்தான் நிக்குது ரோசி, கீய வுழல.

உன் அண்ணன்,
பாஸ்கல்